பூட்டுப் போட்ட சர்க்கரை டப்பா

அந்த வீட்டில் சர்க்கரை டப்பா அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையில். எல்லாம் அம்மாவுக்காகத்தான். ஆள் என்னவோ ஈர்க்குச்சி மாதிரி ஒல்லி. ரத்தத்தில் சர்க்கரை மட்டும் முந்நூறுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. "திருட்டுத்தனமா இனிப்பு சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு அம்மா பலமாகத் தலையாட்டிவிட்டாள். காது மந்தமானவர்கள் எதற்கும் தலையாட்டித்தானே சமாளிப்பார்கள்! அன்றிலிருந்து அவள் சொந்த வீட்டிலேயே திருடி.

"வாயில வைக்கலடி, நம்புடி" என்று மகளிடம் அழுதாள். மகள் நம்பினாள். நம்பி என்ன பிரயோஜனம், அப்பாவுக்கு அத்தாட்சி வேண்டாமா?

மகள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவள். ஒருநாள் நாற்பது சட்டைகள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் இடது கை ஒரு விரற்கடை குட்டை. சூப்பர்வைசர் தையல்காரிகளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"அவங்கள ஏன் சார் திட்டுறீங்க? ஒருத்தி தப்புப் பண்ணலாம், எல்லாரும் ஒரே மாதிரியா பண்ணுவாங்க? துணி மேல வச்சு வெட்டுற அட்டைய அளந்து பாருங்க."

அளந்தார்கள். அட்டைதான் குட்டை. சொன்னவளுக்கே சுருக்கென்றது. அட, அம்மாவைத் திட்டுகிறோமே, அம்மா பிறந்த வீட்டு அட்டையை யாராவது அளந்தோமா?

சாப்பாட்டு நேரத்தில் பழுப்புக் காகிதத்தை விரித்து அம்மா வழி உறவை எல்லாம் எழுதினாள். சர்க்கரைக்குச் சிவப்புச் சாக்கட்டி, காதுக்கு நீலம். பெரியம்மாவுக்கு இரண்டும், மில் சத்தத்தால் காது போனது என்பாள். சித்திக்கும் இரண்டும், சின்ன வயசுக் காய்ச்சலாம். மாமாவுக்கும் இரண்டும்; லாரி ஹாரனாம். மந்தக் காது ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்திருந்த குடும்பம்! பெரியம்மா, சித்தி பிள்ளைகளிடமும் நிறம் தலைகாட்டியது. மாமா பிள்ளைகள் மூன்று பேர் மட்டும் சுத்தம். கடைசியில் தனக்கு வந்தாள். வலது காது மந்தமாகி ஒரு வருஷம். யாரிடமும் மூச்சு விடவில்லை. பயமாகத்தான் இருந்தது. நீலத்தைத் தீற்றினாள்.

காகிதத்தைச் சுருட்டி, அப்பாவையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு வேறொரு டாக்டரம்மாவிடம் போனாள். அவர் காகிதத்தை மேஜையில் விரித்து ஒவ்வொரு நிறமாக விரல் வைத்துப் பார்த்தார். "பாதி வேலைய நீயே முடிச்சிட்டியேம்மா!" என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது.

"இது தின்னு வந்த சர்க்கரை இல்லைங்க. உடம்போட செல்லுக்குச் சக்தி குடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவுல ஒரு மாற்றம். சர்க்கரை, காது ரெண்டையும் அதுதான் கெடுக்குது. பெத்தவகிட்டருந்து பிள்ளைங்களுக்கு வரும், ஆம்பளைங்க வழியா போகாது."

பழைய மாத்திரை நின்றது. இன்சுலின் வந்தது. முந்நூறு மளமளவென்று இறங்கியது. அம்மாவுக்கும் மகளுக்கும் காதுக் கருவி.

கருவி மாட்டிய காலையில் அப்பா தொண்டையைச் செருமினார். "நீ திருடல. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

அம்மாவுக்கு ஒரு எழுத்து விடாமல் கேட்டது. விடுவாளா?

"என்னது? கேக்கலையே!"

அப்பா சத்தமாகச் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமா!" ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள்.

"எம் பொண்டாட்டி திருடலை!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கும் இரண்டு காதிலும் கணீரென்று கேட்டது. அம்மா கையை நீட்டினாள். அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.