தையற்காரரின் இரைப்பைக்கு அறுபத்தொன்று

“நாப்பத்தேழு வயசு ஆளுக்கு அறுபத்தொரு வயசு வயிறா? எனக்குத் தெரியாம வெளியில என்னத்தைத் தின்னு தொலைச்சீங்க?”

“மெதுவாப் பேசு. எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருக்கு.”

திறந்துதான் இருந்தது. எனக்குக் காற்று வேண்டாமா?

கத்தியவள் தையற்காரரின் மனைவி. வாங்கிக் கட்டிக்கொண்டவர் தையற்காரர். அவருடைய அப்பா இரைப்பைப் புற்றுநோயில் போனவர். அதனால் இவருக்கு நெஞ்சு கரித்ததுமே டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பைச் சுவரில் ஒரு துணுக்கைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வயது ஏற ஏற மரபணுக்களின் மேல் சின்னச் சின்ன அடையாளங்கள் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். மரபணு மாறாது, ஆனால் அந்த அடையாளங்கள் அதை வேலை செய்ய விடாமல் மூடிவிடும். புற்றைத் தடுக்கும் மரபணுவே மூடிப்போனால் வந்தது வினை. அடையாளங்களை எண்ணி இரைப்பைக்கு வயது சொல்லிவிட்டார்கள். பதினாலு வருஷம் கூடுதல்.

அன்றிலிருந்து மனிதருக்கு வேலையில் கவனமே இல்லை. என் சட்டைக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வைத்துத் தந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. சாகப்போகிறவரிடம் சண்டை போடுவார்களா?

இவ்வளவு கூடுதல் என்பதால் டாக்டர் அவரை அறுவை டாக்டரிடம் அனுப்புவதாக இருந்தார். மனைவி பையில் துணி அடுக்கினாள்.

“ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது” என்றார் தையற்காரர். “எனக்கு நாப்பத்தேழு இல்ல. அம்பத்தாறு.”

அவள் அடுக்கிய துணியைக் கீழே போட்டாள்.

“பொண்ணு பார்க்க வந்தப்ப ஒம்பது குறைச்சுச் சொன்னேன். அப்புறம் எங்க கேட்டாலும் அதையே எழுதிட்டேன். ஆஸ்பத்திரியிலயும்.”

“ஊரார் உடம்பையெல்லாம் அளக்கிற ஆளு, சொந்த வயசைக் கத்தரிச்சீங்களா?”

“அப்ப வித்தியாசம் அஞ்சுதானே? பயமில்லையே?”

அவள் ஜன்னலுக்கு வந்தாள். திரையை இழுத்துவிட்டாள், பாவி.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நடந்ததை அவளே என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லையாம். “அஞ்சும் கூடுதல்தாங்க. வயித்துல இருக்கிற கிருமிதான் அப்படி வயசைக் கூட்டுது, அதுக்கு மருந்து தர்றேன். ஆனா அம்பத்தாறுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, உங்க அப்பா நோயையும் வச்சு, நான் இன்னும் உன்னிப்பாத் தேடியிருப்பேன். திரும்பக் குழாய் விடணும்.”

இரண்டாம் தடவை, மடிப்புக்குள் பயறு அளவில் சிவப்பாக ஒன்று அகப்பட்டது. அதையும் கிள்ளி அனுப்பினார்கள்; முடிவு வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் இருவரும் சண்டை போடவில்லை. நான் ஜன்னலைத் திறந்து வைத்ததுதான் மிச்சம்.

புற்றுதான். ஆழம் போகவில்லை, குழாய் வழியாகவே செதுக்கி எடுத்தார்கள். ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக அவர் வெளிறிப்போய்ப் படி இறங்குவார். அவர் சட்டை நுனியை அவள் விடமாட்டாள்.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவிலேயே வீடு பார்த்துக் குடிபோனார்கள். அவர்கள் மகளும் ஒரு கப்பல் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். அவர்கள் ஜன்னல் இப்போது சாத்தியே கிடக்கிறது.