முழுக்கைச் சட்டை

...மறுபடியும் ஒருத்தன், இவன் புதுசு, 'சலூன்காரனே முடிதான் அழகுன்னு சொன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதானே' என்று எழுதியிருக்கிறான், கூடவே நாலு சிரிப்புப் பொம்மை, நாலு நாளாகச் சொன்னதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பிடித்தது எனக்கு, உனக்குப் பிடித்தது உனக்கு, யாரிடமும் மழிக்காதே என்றா சொன்னேன்... போனில் வந்த ஏதோ பிளேடு விளம்பரத்துக்குக் கீழே போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன், 'வழவழ கை எனக்குப் பிடிக்காது, பொம்மையைத் தொடுற மாதிரி இருக்கும்', அவ்வளவுதான், பெண்களை அடக்குகிறவன் என்றாள் ஒருத்தி, காட்டுமிராண்டி என்றான் ஒருத்தன், 'உங்க வீட்டம்மா பாவம்' என்றாள் இன்னொருத்தி, அவளுக்குத்தான் பத்து வரி எழுதினேன், என் மனைவியைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று... இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட்டது, என் சட்டையைத் தேய்க்க வேண்டும், பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

இந்த வெயிலில் இவளுக்கு எதற்கு முழுக்கை? நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்... கல்யாணமான நாளிலிருந்து அரைக்கை தவிர வேறு போட்டுப் பார்த்ததில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து காய் நறுக்கும்போது கைமுடி வெளிச்சத்தில் செம்பட்டையாகத் தெரியும், முழங்கைக்குக் கீழே ஒரு சின்னச் சுழி, எத்தனை ஆயிரம் தலை பார்த்தவன் நான், அப்படி ஒரு சுழியை எந்தத் தலையிலும் பார்த்ததில்லை. இரண்டாம் முறை மருந்து ஏற்றியதும் தலைமுடி கொத்துக்கொத்தாக வந்தது, கடை விடுமுறையன்று என் நாற்காலியிலேயே உட்கார வைத்து மழித்தேன், "முன்னாடி மட்டும் கொஞ்சம் விட்டு வெட்டுங்க" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாவி மகள், அழவாவது விட்டாளா... அப்புறம் புருவம், அப்புறம் கை. கைமுடியும் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் பேச வேண்டும் என்று என் போனை வாங்கினாள், அந்த விளம்பரப் பக்கம் திறந்தே கிடந்திருக்கிறது, பேசி முடித்த பிறகும் போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், திருப்பிக் கொடுத்தாள். நேற்றிலிருந்து முழுக்கை.

"என்னங்க, பட்டன் போட வரல, கொஞ்சம் போட்டு விடுங்க." மருந்தில் அவளுக்கு விரல்நுனி மரத்துப்போயிருக்கிறது, பட்டனைப் பிடிக்க முடியாதவள் பட்டன் வைத்த முழுக்கைச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டிருக்கிறாள்... இப்போது சொல்லிவிடலாம், உன்னைச் சொல்லல, அது விளம்பரத்துக்கு எழுதினது, ஊர்க்காரர்கள் மாதிரி நீயும் தப்பாப் படிச்சிட்டே என்று, வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஆனால் அதை எழுதிய அன்று காலை என்ன நடந்தது? கட்டிலிலிருந்து அவளைத் தூக்கிவிட்டேன், என் உள்ளங்கை அவள் கையில் வழுக்கியது, சட்டென்று விட்டுவிட்டேன், அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் நேரே கடைக்குப் போய் உட்கார்ந்து போனை எடுத்தேன். அந்த விளம்பரத்துக்குக் கீழே இருநூறு பேர் தப்பாகப் படித்தார்கள். இவள் ஒருத்திதான் சரியாகப் படித்திருக்கிறாள்.

"ரொம்ப இறுக்கமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல, சரியா இருக்கு" என்று மற்றக் கையை நீட்டினாள், துணியை மட்டும் பிடித்துப் பட்டனைப் போட்டேன்.