ஓட்டிப் பார்த்த இடம்

பைக் பட்டறையின் யார்டு என்கிற திறந்தவெளி நீளத்தில் இருபது தப்படி, அகலத்தில் பதினொன்று. ஒரு பக்கம் பழைய டயர்கள், மறுபக்கம் எண்ணெய் பீப்பாய்கள். நடுவில் மிஞ்சிய சிமெண்டுத் தரையில் அவள் முதல் கியரில் வட்டமடித்தாள். இரண்டாவது கியர் போட்டால் சுவர் வந்துவிடும். மூன்று சுற்று முடிந்ததும் எஞ்சினை அணைத்து, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, நூலில் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தாள். படிவத்தின் கடைசி வரி 'சோதனை ஓட்டம் செய்யப்பட்டது.' அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். தலைக்கு மேலே பலகையில் நீல எழுத்து: 'ஓட்டிப் பார்க்காமல் ஒரு வண்டியும் வெளியே போகாது.'

பதினான்கு வருஷமாக அவள் அங்கே ஃபிட்டர். எல்லோருக்கும் அவள் ஸ்பானர். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது.

அங்கே வருவதெல்லாம் மண் வண்டிகள். டர்ட் பைக் என்பது பலகையில் எழுதுவதற்கு. வாயில் மண் வண்டிதான். விளக்கு கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, மேட்டிலிருந்து குதித்துப் பள்ளத்தில் இறங்குவதற்கென்றே செய்தவை. சாலையில் ஏற்றினால் குற்றம். அடுத்தவர் நிலத்தில் ஏற்றினால் குற்றம். புறம்போக்கில் ஏற்றினாலும் குற்றம். விற்பதற்கும் வாங்குவதற்கும் ரிப்பேர் பார்ப்பதற்கும் தடை எதுவும் இல்லை.

பட்டறைக்குப் பின்னால், கட்டடங்களுக்கு மண் அள்ளி முடித்துக் கைவிட்ட குழி ஒன்று உண்டு. பன்னிரண்டு வருஷம் அவள் அங்கேதான் ஓட்டிப் பார்த்தாள். மூன்று பள்ளம், ஒரு மேடு. பத்து வண்டியில் ஒன்று ஏதாவது கோளாறைக் காட்டிக்கொடுக்கும். சட்டைப்பையில் ஸ்பானரோடுதான் போவாள். அங்கேயே முடுக்கிக்கொண்டு திரும்புவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழியைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. வேலி வந்த மறுவாரம் உள்ளே ஓட்டிக்கொண்டிருந்த அவளைப் போலீஸ் பிடித்தது. வண்டிக்கு ஆவணம் இல்லாததால் அதை யாரும் வந்து மீட்க முடியவில்லை. நசுக்கித் தகடாக்கினார்கள். அன்றைக்கு முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே யார்டுல மூணு ரவுண்டு போதும்மா. அதுக்கு மேல எங்க போனாலும் உன் பாடு. நான் உன்னைத் தெரியாதுன்னுதான் சொல்லுவேன்."

இப்போது அவர் கண்ணாடி அறையிலிருந்து போனைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"பேக்கரிக்காரன் வண்டி யாரு பாத்தது?"

"நான்தான். வெள்ளிக்கிழமை எடுத்துட்டுப் போனாரு."

"விழுந்துட்டானாம்."

"எங்க?"

"எங்க விழுவான், கல்குவாரியிலதான். உசுரு இருக்கு. இடுப்பு போச்சுன்னு சொல்றாங்க."

சாயங்காலம் பேக்கரி வேனில் வண்டி வந்து இறங்கியது. சக்கரம், எஞ்சின், சீட்டு எல்லாவற்றிலும் மாவு கொட்டியதுபோல் வெள்ளைத் தூசி. வண்டி கழுவுகிறவர் குழாயோடு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எப்போதும் கால்சட்டை முழங்கால்வரை மடித்திருக்கும். அவருக்குப் பட்டறையில் வைத்த பேர் குளிப்பாட்டி.

"கழுவாதீங்க அண்ணே."

"அவனே மாவுக்காரன், வண்டியும் மாவா வந்திருக்கு. என்னத்த பாக்கப் போற?"

"முன்னாடி கொஞ்சம் அழுத்துங்க."

அவர் ஹேண்டில்பாரின் மேல் வயிற்றை அழுத்திக்கொண்டு தொங்கினார். அவளும் சேர்ந்து அழுத்தினாள். முன்பக்கம் பாதிதான் இறங்கியது. லாரியில் வண்டி கட்டும் பட்டையை எடுத்து வந்து, ஹேண்டில்பாரைச் சக்கரத்தோடு சேர்த்து இழுத்து இறுக்கினாள். முன்பக்கம் முழுக்க உள்ளே போனது. பிரேக் ஹோஸ் வில்லாக வளைந்து வெளியே தள்ளி, ஆக்சிலேட்டர் கேபிளைக் கொக்கிபோல் மாட்டி இழுத்தது. எஞ்சினுக்குள் 'டிக்' என்றது. பட்டையைத் தளர்த்தினாள். வண்டி நிமிர்ந்தது. கேபிள் இழுபட்டபடியே நின்றது; ஆக்சிலேட்டர் மூடவில்லை.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஸ்பானரு?"

"ஹோஸ் கேபிளுக்கு முன்னால போகணும். பின்னால விட்டிருக்கேன். குதிச்சு இறங்கினதும் ஆக்சிலேட்டர் தானா முறுக்கிக்கிச்சு."

அவர் குனிந்து பார்த்தார். "இம்புட்டுதானா? தினமும் இப்படிப் பட்டை போட்டே பாத்திருக்கலாமே."

"எதுன்னு தெரிஞ்சப்புறம் தேடறது சுலபம் அண்ணே. ஒரே ஒரு மேடு ஏறி இறங்கியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்." அவருக்கு விரலால் காட்டினாள். "இந்த கிளிப்பைத் தூக்கி, இப்படி முன்னால கொண்டு வந்தா முடிஞ்சுது. அரை நிமிஷ வேலை."

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் எட்டுக் கட்டில். பேக்கரிக்காரன் கடைசிக் கட்டிலில், காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தான். முப்பது வயதிருக்கும். அடுப்புத் தட்டுகள் சுட்ட தழும்புகள் இரண்டு முன்கையிலும் வரிவரியாக இருந்தன.

"அக்கா, நான் ஆக்சிலேட்டரை விட்டுட்டேன்," என்றான், அவள் உட்காருவதற்கு முன்பே. "விட்டப்புறமும் ஓடுச்சு. சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். இவளே நம்பலை."

"நான் நம்பறேன்."

அவன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கையில் பாதி மடித்த போர்வை.

ஸ்பானர் நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. சொல்லி முடித்ததும் அடி விழும் என்று நினைத்தாள். அவன் மனைவி போர்வையை மீதியும் மடித்துத் தலைமாட்டில் வைத்தாள்.

"எதுக்கு அந்தக் குவாரிக்குப் போகணும்னு வந்தவங்க எல்லாரும் கேக்கறாங்க," என்றாள். "நீங்க கேக்கலை."

"வேற எங்க போறது," என்றான் அவன். "ஆறு மணி நேரம் போனா ஒரு டிராக் இருக்கு. மாசத்துல ரெண்டு ஞாயிறு. கிளப் ஆளுங்களுக்கு மட்டும். எனக்கு ஞாயித்துக்கிழமை என்னைக்கு லீவு கொடுத்தாங்க? செவ்வாய்க்கிழமைக்குன்னு ஒரு டிராக் இருந்தா சொல்லுங்கக்கா."

"பேசாம படு," என்றாள் மனைவி. பிறகு ஸ்பானரிடம், குரலைத் தாழ்த்தி: "அடுப்புல வேற ஆளைப் போட்டாச்சு. பத்து மணி நேரம் நின்னு பாக்கற வேலை. ஆபரேசன் பண்ணினா நிக்கலாம்னு சொல்றாங்க, இல்லேன்னா கோலுதான். உங்க பட்டறைக்கு இன்சூரன்ஸ் இருக்காமே. வண்டியில கோளாறுன்னு நீங்க சொன்னா அதுலேருந்து கிடைக்குமாமே."

"சொல்றேன்."

"நெஜமாவா? உங்க வேலை?"

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல."

ஸ்பானரின் வீடு ஒரே அறை. தங்கை தரையில் படிவங்களைப் பரப்பி வைத்து வேலைக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. சட்டகமிட்ட சான்றிதழ் ஆணியில் தொங்க, அதே ஆணியில் ஸ்பானரின் மதிய உணவுப் பை மாட்டியிருந்தது.

"எங்க ஓட்டிப் பாத்தேன்னு இன்சூரன்ஸ்காரன் கேப்பான்," என்றாள் தங்கை. "குழியிலன்னு சொன்னா அத்துமீறினே. எங்கேயும் இல்லைன்னா பொய்க் கையெழுத்துப் போட்டே. எதைச் சொன்னாலும் உன் தலையிலதான் விடியும்."

"சட்டப்படி ஓட்டறதுக்கு இடமே இல்லையான்னு விசாரிச்சியா?"

"சர்க்கார் ஆபீசுக்குப் போன் போட்டேன். நாலு பேரு மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. கடைசி ஆளு, வேணும்னா உங்க வீட்டு மொட்டை மாடியில ஓட்டிக்கோங்கம்மான்னான்."

"நமக்கு ஏதுடி மொட்டை மாடி?"

"அதைத்தான் நானும் சொன்னேன். வீட்டுக்காரருகிட்ட எழுதி வாங்கிட்டு ஓட்டச் சொன்னான்."

இருவரும் சிரித்தார்கள். தங்கை முதலில் நிறுத்தினாள். "ஓட்டிப் பாத்தேன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுக்கா. இடம் ஞாபகமில்லைன்னு சொல்லு. எனக்கு வேலை கிடைக்கறவரைக்குமாவது."

ஸ்பானர் எழுந்தாள். ஆணியிலிருந்து பையை எடுத்துக் கழுவப் போனாள்.

விசாரணைக்கு வந்தவர் பட்டறைக்குக் காப்பீடு கொடுத்த கம்பெனியின் ஆள். இஸ்திரி போட்ட சட்டை, மெல்லிய குரல். முதலாளியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து படிவத்தை மேசைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"சோதனை ஓட்டம் பாத்தீங்களா?"

"யார்டுல மூணு சுத்து."

"இது குதிச்சு ஓடற வண்டி இல்லையா? அது சோதனை ஓட்டம் ஆகுமா?"

"ஆகாதுங்க."

"அப்ப ஓட்டிப் பாத்த இடம்?"

முதலாளி டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

"எங்கேயும் பாக்கலைங்க," என்றாள். "பாக்கறதுக்கு இடம் இல்லை. முன்னாடி குழியில பாப்பேன். வேலி போட்டாங்க. மூணு சுத்து போதும், கையெழுத்துப் போடுன்னு இவரு சொன்னாரு. ரெண்டு வருஷமா எல்லா வண்டிக்கும் அப்படித்தான். ஹோஸைத் தப்பாப் போட்டது நான்தான். ஒருதரம் குதிச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவர் எழுதினார். அவள் தலைகீழாக வாசித்தாள். 'சோதனை ஓட்டம் செய்யாமல் கையொப்பமிட்டதை ஒப்புக்கொண்டார்.'

"மத்ததையும் எழுதுங்க சார்."

"கேட்ட கேள்விக்குப் பதில் எழுதிட்டேம்மா."

"அப்ப நீங்க சொல்லுங்க. நான் எங்க ஓட்டிப் பாத்திருக்கணும்?"

"கேக்கறதுதான் என் வேலை. இடம் காட்டறது இல்லை." அவர் கோப்பிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். "எப்படியும் இது பெருசா ஒண்ணும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாருங்க. விழுந்த இடம், வீட்டு வாசல். மனைவி கையெழுத்துப் போட்டிருக்காங்க. வாசல்ல வழுக்கி விழுந்ததுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் அந்தத் தாளைப் பார்த்தபடி நின்றாள். கோணலான எழுத்து, அழுத்தி எழுதியிருந்தது.

"குவாரின்னு எழுதினா போலீஸ் வரும்னு பயந்து எழுதியிருக்கும் சார். வண்டியைப் பாருங்க. குவாரித் தூசி அப்படியே அப்பியிருக்கு. அந்த வெள்ளை மண்ணு இந்த ஊருல வேற எங்கேயும் கிடையாது. ஹோஸையும் காட்டறேன், வாங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். அவள் முன்னால் நடந்து போய்த் தார்ப்பாயை இழுத்தாள்.

வண்டி பளபளவென்று இருந்தது. சக்கர ஆரங்களுக்கு நடுவில்கூட ஒரு பொட்டுத் தூசி இல்லை. சிமெண்டில் ஈரம் இன்னும் காயவில்லை. அவள் மண்டியிட்டாள். பிரேக் ஹோஸ் கேபிளுக்கு முன்னால், சரியான இடத்தில், கிளிப்புக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு," என்றார் வந்தவர். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

பீப்பாய்களுக்குப் பக்கத்தில் குளிப்பாட்டி குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஏற்கனவே சுற்றிய குழாய். அதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினார்.

"அண்ணே," என்றாள்.

"காலையில முதலாளி சொன்னாரு." அவர் நிமிரவில்லை. "ரெண்டும் பொட்டப்புள்ளைங்க எனக்கு. உனக்கே தெரியும்."

வந்தவரைக் கார்வரை விட்டுவிட்டு முதலாளி திரும்பினார். கத்தவில்லை. "உன் வாயால நீயே ஒத்துக்கிட்டேம்மா. இதுக்கு மேல உன்னை வெச்சிருந்தா எனக்கு இன்சூரன்சே தர மாட்டான். இன்னைக்கே கிளம்பிடு. சொந்தச் சாமான் இருந்தா எடுத்துக்க."

சொந்தம் என்று ஒரு ஸ்பானர் செட்டும் பூட்ஸும் இருந்தன. குழியில் ஓட்டுவதற்காக வாங்கிய பூட்ஸ். இரண்டு வருஷமாக அலமாரிக்கு மேலேயே கிடந்தது. தூசியைத் தட்டிப் பைக்குள் திணித்தாள். ஜிப் மூடவில்லை.

வாசல் கேட்டுக்கு வெளியே பேக்கரிக்காரன் மனைவி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். பிளாஸ்க் கையில் இருந்தது.

"இப்பத்தான் கார் போச்சு," என்றாள். "சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன்."

"எழுதிக்கிட்டாங்களா?"

ஸ்பானர் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். பிளாஸ்கின் கைப்பிடியை அந்தப் பெண் இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்தாள்.

உள்ளே யாரோ ஒரு வண்டியைக் கிக் செய்தார்கள். இரண்டு தடவை வீணாகி, மூன்றாவதில் பிடித்தது. ஓட்டுகிறவருக்குப் பழக்கமில்லை; கிளட்சை விடத் தெரியாமல் வண்டி திக்கித் திணறியது. "கால ஊனிக்கய்யா," என்று முதலாளி சத்தம் போடுவது கேட்டது. முதல் கியரில் ஒரு சுற்று. இரண்டு. மூன்று. எஞ்சின் நின்றது.

ஒரு கையெழுத்துப் போடுகிற நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அடுத்த வண்டியைக் கிக் செய்தார்கள்.