மூன்றாம் படியில் நின்ற நாள்

வெளிநாட்டில் ஒரு பருவம் முழுக்க சைக்கிள் பந்தயம் ஓட்டிவிட்டு அவள் வீடு திரும்பியபோது, கூடத்துச் சுவரில் அவளுடைய படம் பெரிதாக மாட்டியிருந்தது. வெற்றி மேடையின் மூன்றாம் படியில் அவள். கழுத்தில் பதக்கம், கையில் பூங்கொத்து. பேருந்து ஓட்டுநரான அப்பா, பணிமனையில் ஒருத்தர் விடாமல் காட்டித் தீர்த்த படம்.

"கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்ல? மூஞ்சிய உர்ருனு வச்சிருக்கா" என்றாள் அத்தை.

"மலை ஏறி இறங்கி வந்தவளுக்கு மூச்சு விடவே தெம்பு இருக்காது. உனக்குச் சிரிப்பு வேற வேணுமா?" என்றார் அப்பா.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெளிநாட்டில் அணி கொடுத்த அறை ஒரு சலவைக்கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரம் சுற்றினால் கட்டில் லேசாக நடுங்கும். இன்னொரு கட்டிலில் வேறு நாட்டுக்காரி ஒருத்தி. நெடுநெடுவென்று வளர்ந்தவள், கால்தான் பாதி உடம்பு. இவள் அவளுக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்தாள். அவள் அர்த்தம் கேட்டபோது, இவள் அறை நடுவில் ஒற்றைக் காலில் நின்று காட்டினாள். கொக்கு கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தாள். அரைகுறை ஆங்கிலத்தையும் கைச்சாடையையும் வைத்துக்கொண்டே இருவரும் ஊர்க்கதை எல்லாம் பேசித் தீர்த்தார்கள்.

அணியில் ஜெயிக்க வேண்டியவள் கொக்குதான். இவள் வேலை, முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்வது. கொக்கு இவள் பின்சக்கரத்தை ஒட்டி, காற்று படாமல் வருவாள். கடைசி ஏற்றத்தில் மிச்சம் வைத்த பலத்தோடு பாய்ந்துவிடுவாள். ஜெயிப்பது அவள், செத்துச் சுண்ணாம்பாவது இவள். அதில் இவளுக்கு ஒரு குறையும் இல்லை. கோட்டைத் தாண்டியதும் கொக்கு பதக்கத்தைக் கூடக் கவனிக்காமல், மூச்சு வாங்க வந்து சேரும் இவளுக்காகத் தண்ணீர்ப் புட்டியோடு நிற்பாள்.

பருவம் முடிய ஒரே ஒரு பந்தயம் பாக்கி இருக்கும்போது அது நடந்தது. காலையிலிருந்தே மழை. மலை இறக்கத்தில் இவள் வழிபிடித்து முன்னால் போக, கொக்கு பின்னால் வந்துகொண்டிருந்தாள். ஒரு வளைவைத் தாண்டியதும் பின்னால் சக்கரச் சத்தம் கேட்கவில்லை. காதுக்கருவியில் அணி மேலாளர் பேசினார்.

"பின்னால யாரோ விழுந்திருக்காங்க. நீ நிக்காத, போ."

யாரோ என்றால் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். கொக்கு தடுமாறிப் பின்தங்கியிருப்பாள், வந்துவிடுவாள் என்று வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தியும் பார்த்தாள். இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். இரண்டு பேருமே கொக்கு இல்லை.

மூன்றாவதாக வந்தாள். இவள் வாழ்நாளில் ஏறிய முதல் மேடை. மேடையில் நின்றபடி கூட்டத்தில் கொக்கைத் தேடினாள். அவ்வளவு உயரமானவள், கண்ணில் படாமலா போவாள்? அந்த நேரம் பார்த்துத்தான் படம் எடுத்தார்கள். இறங்கி வந்தபோது மெக்கானிக் கொக்கின் சைக்கிளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். இவள் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடலை அவள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போக இவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. கடைசிப் பந்தயத்தைக் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஓட்டினாள். எதையும் பார்த்த நினைவில்லை. வீட்டுக்குப் பேசும்போது, "கூட இருந்த பொண்ணு விழுந்துட்டாம்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

வீடு திரும்பிய பிறகு, வந்தவர்கள் எல்லாரும் படத்தின் கீழே உட்கார்ந்து பாராட்டிவிட்டுப் போனார்கள். கொக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. விழுந்தவள் யார், என்ன ஆனாள் என்பதே இங்கே யாருக்கும் தெரியாதே.

ஒரு பிற்பகல் கைபேசியில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் வயதான ஒரு பெண். அந்த நெற்றியையும் நீளக் கழுத்தையும் பார்த்ததுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அம்மா என்னவோ கேட்டார். ஒரு சொல்லும் புரியவில்லை. மறுபடி கேட்டார்.

தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இவளுடைய அம்மா எழுந்து வந்தாள். "யாருடி அது?"

"கொக்கோட அம்மா."

"எந்தக் கொக்கு?"

அப்போதுதான் சொன்னாள். கைபேசியைக் கீழே வைக்காமலே, அறையிலிருந்து மழைவரை எல்லாவற்றையும் சொன்னாள். திரையில் அந்த அம்மா காத்திருந்தார். "மேடையில நின்னு அவளத்தாம்மா தேடிட்டிருந்தேன்" என்றபோது, வாசற்படியில் செருப்பை விட்டுக்கொண்டிருந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியை வாங்கினாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்றாள்.

அந்த அம்மா தன் மொழியில் பதில் சொன்னார். அம்மா 'உம்' கொட்டினாள். பிறகு அம்மா பேச, அவர் தலையாட்டினார். இருவருக்கும் ஒரு வார்த்தை பொதுவில்லை. ஆனாலும் நெடுநேரம் பேசினார்கள், அழுதார்கள், மறுபடி பேசினார்கள்.

அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி, சுவரிலிருந்த படத்தைக் கழற்றினார்.

அடுத்த பருவத்துக்குக் கொக்கின் இடத்தை இவளுக்கே தருவதாக மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார். "நான் வரல" என்றாள். அவர் காரணம் கேட்கவில்லை.

அந்த அம்மா இப்போதும் அடிக்கடி கூப்பிடுகிறார். அம்மா தைப்பதை நிறுத்திவிட்டுப் பேச உட்கார்ந்துவிடுவாள். அந்தக் குரலைக் கேட்டால், நிற்காமல் தாண்டிப்போன அந்த வளைவு நினைவுக்கு வரும்; இவளால் வீட்டில் இருக்க முடிவதில்லை. தெருமுனைவரை நடந்துவிட்டு, பேச்சு முடிந்திருக்கும் என்று தோன்றிய பிறகே திரும்புவாள்.