நான்கு மணிக்குள் படம் வரவேண்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல. தென்காசியில் கணினி பழுதுபார்க்கும் ஆசிப், என் மடிக்கணினியைப் பிரித்துவைத்துக்கொண்டு சொன்னது. "எங்கயும் எழுதிராதீங்க அண்ணாச்சி" என்றான். தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்ற மனம் வரவில்லை.

முதல் தொடக்கம்: குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தென்காசித் தெருக்களெல்லாம் சாரலில் நனைந்து

(வேண்டாம். அருவியைக் காட்டினால் வாசகர் குளிக்கப் போய்விடுவார். கதை நடக்கும் கதவடைத்த அறையில் மழைச் சத்தமே கேட்கவில்லை.)

2

மணி மூன்று பத்து. புது மானிட்டர் கறுப்பாக இருந்தது. ஆசிப்பின் தங்கை சாஜிதா அதன் முன்னால் உட்கார்ந்து கேபிள்களை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தாள்.

நான்கு மணிக்கு இணையவழிக் கார் பந்தயத்தின் இறுதிச் சுற்று. நூற்றுச் சொச்சம் பேர் ஆடி, மிஞ்சியவர்கள் இரண்டு பேர், ஒருத்தி சாஜிதா. தோற்றவர்களில் ஒருவர் புகார் கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணின் பெயரில் வேறு யாரோ ஆண் ஆடுகிறான் என்று. மதுரையில் இருந்த நடுவர் நம்பிராஜன் ஒரே தீர்வு சொன்னார்: அவள் ஆடும் திரையையும் அவளுடைய கைகளையும் நேரலையில் காட்ட வேண்டும். கைகளுக்கு ஒரு கேமரா, திரைக்கு ஒரு கேப்சர் கார்டு. நான்கு மணிக்குள் படம் வராவிட்டால் சாஜிதா விலகியதாக ஆகும்.

(கேப்சர் கார்டு சோப்புப்பெட்டி அளவில் ஒரு கருவி. விளையாடும் கணினியின் படத்தைப் பிடித்து இன்னொரு கணினிக்குக் கொடுக்கும். இவளிடம் இருந்தது பழையது. 1080 வரிக்கு மேல் நுணுக்கமான படமோ, நொடிக்கு அறுபது முறைக்கு மேல் புதுப்பிக்கும் வேகமோ அதற்குத் தெரியாது. மானிட்டரோ 1440 வரி, நொடிக்கு நூற்றெண்பது முறை படத்தைப் புதுப்பிப்பது. படத்தைக் கார்டு வழியாக மானிட்டருக்கு அனுப்பினால் மானிட்டரும் கார்டின் தரத்துக்கு இறங்க வேண்டும், இல்லாவிட்டால் கறுப்புதான். இவ்வளவு தெரிந்தால் போதும்.)

"கொறச்சு வச்சா படம் வருதுண்ணே. ஆனா அறுபதுலதான் ஓடுது. இதுல எனக்கு வளைவே பிடிபட மாட்டேங்குது."

"அந்தக் கார்டு அவ்வளவுதான்ட்டி தாங்கும்."

"வேற வழியே இல்லையா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்றான் ஆசிப்.

3

என் முதல் வரைவில் ஆசிப்புக்கு உண்மையாகவே வழி தெரியாது. அந்த ஆசிப்பை என்னால் நம்ப முடியவில்லை. ஒன்பது வருடமாகக் கடை வைத்திருப்பவன். மறுநாள் போய் அவனிடமே கேட்டேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"தெரியும்."

வழி சுலபம். மானிட்டருக்கு நேராக ஒரு கேபிள், கார்டுக்குத் தனியாக இன்னொன்று. கார்டை இரண்டாவது திரையாகக் கணினி எடுத்துக்கொள்ளும். விளையாட்டின் படத்தை அங்கேயும் திருப்பிவிட்டால் முடிந்தது.

அவன் அதை மறைத்ததற்குக் காரணம் வேறு. மூன்றாம் சுற்றில், கடைசி இரண்டு லேப், அதாவது தடத்தை இன்னும் இரண்டு முறை சுற்றுவது, மிச்சமிருக்கும்போது, சாஜிதாவின் கட்டைவிரல் மரத்துப்போய் மடங்க மறுத்தது. "பிடிண்ணே" என்று காரை ஓட்டும் கன்ட்ரோலரை நீட்டினாள். ஆசிப் வாங்கி ஓட்டி முடித்தான். மற்றதெல்லாம் அவள் ஆடியதுதான். அதைப் பற்றி இதுவரை யாரும் அவளிடம் நேராகக் கேட்டதில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அறுபதில் ஆட முடியாது என்று அவளே விட்டுவிட்டால் விலகியதாக ஆகும், கேள்விக்கே இடமில்லை. தங்கை தலைகுனியாமல் வெளியே வந்துவிடலாம். பாசம்தான் அவனை அப்படி

(முடிக்கப்போவதில்லை. பாசம் என்ற சொல் என்னுடையது. "பயந்துட்டேன் அண்ணாச்சி" என்றுதான் அவன் சொன்னான்.)

4

மூன்றரை. சாஜிதா அலைபேசி வெளிச்சத்தில் கணினியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள்.

"இங்கன இன்னொரு ஓட்டை சும்மாதான கெடக்கு?"

ஆசிப் அவசரமாகக் குறுக்கே கை நீட்டினான். "அதத் தொடாத. கார்டு போயிரும்."

"எப்படிப் போவும்?"

அவள் கேபிளைச் செருகினாள். மானிட்டரிலும், கார்டு இணைந்திருந்த பக்கத்து மடிக்கணினியிலும் ஒரே படம். மானிட்டர் மறுபடியும் 1080-க்கு இறங்கியது. அலைபேசி அடித்தது.

"இன்னும் படம் வரலையேம்மா" என்றார் நம்பிராஜன்.

"பத்து நிமிசம் சார்."

மூன்று நாற்பத்தைந்து. அமைப்புகளைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரே படத்தை இரண்டிலும் காட்டு என்றிருந்ததை, இரண்டும் தனித்தனித் திரை என்று மாற்றினாள். மானிட்டர் ஒரு கணம் இருண்டு பளிச்சென்று விழித்தது. நூற்றெண்பது. விளையாட்டின் படத்தைக் கார்டுப் பக்கமும் திருப்பினாள். பக்கத்து மடிக்கணினியில் அவளுடைய கார் வந்து நின்றது.

திரும்பாமலே கேட்டாள். "ஒனக்கு இது தெரியும்லா?"

"தெரியும்."

"பெறவு ஏன்?"

"நடுவரு கேட்டா நீ சொல்லிருவட்டி."

சாஜிதா கட்டைவிரலை நீவிக்கொண்டே இருந்தாள்.

5

மூன்று ஐம்பத்தெட்டு. நம்பிராஜனின் முகம் மடிக்கணினியில் தெரிந்தது. "படம் நல்லா வருது. ஆரம்பிக்குறதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்கிடுதேன். இதுவரைக்கும் எல்லாச் சுற்றும் நீங்களேதான ஆடினீங்க?"

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

'ஆமா சார்' என்கிறாள், ஜெயிக்கிறாள். (எழுதும்போதே அவள் என்னை முறைத்தாள்.)

கரண்ட் போய்விடுகிறது. (சாரல் நாளில் யாரும் நம்புவார்கள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.)

ஆசிப் கேமராவுக்குள் பாய்ந்து, 'நான்தான் பிடுங்கி ஆடினேன்' என்று பழியை ஏற்கிறான். (இதற்காக அவன் நிஜமாகவே எழுந்தான். சாஜிதா அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.)

நடந்தது இது:

"மூணாவது சுத்துல கடைசி ரெண்டு லேப் எங்க அண்ணன் ஓட்டினான் சார். நான்தான் குடுத்தேன், வெரல் மடங்கல. மத்ததெல்லாம் நான். இன்னைக்கும் நான்தான்."

நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றினார். ஆசிப் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மணி நான்கு. எதிராளி தயார் என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது.

நடுவர் பிறகு என்ன சொன்னார் என்பதையும் ஆசிப் சொன்னான். எழுதினேன், அடித்துவிட்டேன். நம்பிராஜனை நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பியாயிற்று. அந்த நடுவர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். இரண்டு கைகளும் கேமராவில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.