இரண்டாவது பொட்டு

பாஞ்சாலிக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. பார்க்கத் தெரியும். கிட்டாரின் கழுத்தில் பதித்திருக்கும் வெள்ளைப் பொட்டுகளை வைத்தே தன் சுருதியைச் சொல்லிவிடுவாள். புருஷன் டில்லிபாபுவின் ஆள்காட்டி விரல் இரண்டாவது பொட்டில் தந்திகளின் குறுக்கே படுத்திருந்தால் ஆறு கட்டை. காதர் பாயின் மெல்லிசைக் குழுவில் அவள் இத்தனை வருஷம் பாடியது அந்தக் கட்டையில்தான். "நம்ம எடம்" என்பாள்.

பாஞ்சாலியின் கழுத்தில் இருந்த கட்டியை எடுத்த பிறகு குரல் இறங்கியது. டில்லிபாபு ஒன்றும் சொல்லாமல் கையை நகர்த்தினான். விரல்கள் நிற்கும் வடிவத்தை மாற்ற வேண்டியதில்லை. அதே பிடியை ஒரு கட்டம் தலைப்பக்கம் தள்ளினால் அரைக் கட்டை குறையும். ஐந்தரைக்கு வந்தான். பிறகு முதல் பொட்டுக்கு, ஐந்து. அவள் கையைப் பார்ப்பாள், பாடுவாள், எதுவும் கேட்கமாட்டாள். மழைக்காலம் முடிவதற்குள் விரல் கிட்டாரின் தலையை ஒட்டிய முதல் கட்டத்தில் வந்து நின்றது. நான்கு கட்டை. அதிலும் மேல் வரியில் குரல் பிளந்தது.

அன்று அவள் பாட்டை நிறுத்திவிட்டு அவன் கையையே பார்த்தாள்.

"இதுக்குக் கீய எடம் கீதா மாமா?"

அவன் தந்தியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

மறுநாள் வடிவத்தை மாற்றினான். அடித் தந்தியை விட்டுவிட்டு ஐந்தாம் தந்தியிலிருந்து பிடிக்கும் வேறொரு பிடி. அதையும் கழுத்து முழுக்க நகர்த்தலாம். இரண்டாவது பொட்டில் வைத்தால் இரண்டு கட்டை. கிட்டாரின் ஒலி தாழ்ந்ததாகத் தெரியாது. பாடுகிறவள் தொடங்கும் இடம்தான் வெகு கீழே போயிருக்கும்.

அவள் விரல் படுத்திருந்த இடத்தைப் பார்த்தாள். மற்ற விரல்கள் எப்படி நிற்கின்றன என்பதை அவள் என்றைக்குமே பார்த்ததில்லை. பாடினாள். மேல் வரி உடையாமல் வந்தது. முடித்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டேன் மாமா."

இது ஆறு இல்லை, இரண்டு என்று அவன் அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டு வேலம்மா வாசலில் வந்து நின்று, மந்தைவெளி ஸ்டேஷன் வரைக்கும் கேட்டுது என்றாள். டில்லிபாபுவும் சேர்ந்து சிரித்தான். அவன் கிட்டாரை உறையில் போடுவதற்குள் பாஞ்சாலி காதர் பாய்க்குப் போன் செய்துவிட்டாள். தி. நகரில் ஒரு வரவேற்பு, குழுவின் பாடகன் ஸ்ரீநாத்தோடு ஜோடிப் பாட்டு, பழைய கட்டையிலேயே.

ஒத்திகை கே.கே. நகரில், காதர் பாய் வீட்டு மாடியில். ஆட்டோவில் போகும்போது அவள் மல்லிகை வைத்திருந்தாள். சொல்ல வேண்டியதை அவன் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தான். அசோக் பில்லரைத் தாண்டும்போது, "பாஞ்சா" என்றான்.

"இன்னா?"

"காத்து அடிக்குது. கழுத்த மூடிக்கோ."

அவள் மூடிக்கொண்டாள். தழும்பை மறைக்கச் சொல்கிறான் என்று நினைத்தாளோ என்னவோ, அதன் பிறகு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

காதர் பாய் கீபோர்டுக்குப் பின்னாலிருந்து கை தூக்கினார். "இன்னாம்மா, தொண்ட சர்வீசு முடிஞ்சி புது வண்டியாட்டம் வந்துட்ட போல." ஸ்ரீநாத், இவளோடு சேர்ந்து பாடினால் இனி தனக்குத்தான் இருமல் வரும் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். காதர் பாய் ஆறு கட்டையில் கையை வைத்தார். டில்லிபாபுவும் வைத்தான், இரண்டாவது பொட்டில், பழைய வடிவத்தில்.

முதல் வரியை இழுத்துப் பிடித்துக் கடந்துவிட்டாள். இரண்டாவதில் குரல் கிழிந்தது. சிரித்துக்கொண்டே, சளி என்றாள். மறுபடி எடுத்தாள். இந்த முறை காற்று மட்டும் வந்தது. ஸ்ரீநாத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் வாங்கவில்லை. டில்லிபாபுவின் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரலுங்க வேற மாரி நிக்குது."

அவன் தன் விரல்களைப் பார்த்தான்.

"வூட்ல வாசிச்சத வாசி."

அவன் ஆள்காட்டி விரலை எடுக்காமல் மற்ற விரல்களை மட்டும் மாற்றினான். மீட்டினான்.

"இது எத்தினி கட்ட?"

"ரெண்டு."

காதர் பாய் கீபோர்டின் ஒலியைக் குறைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாஞ்சாலி ஸ்ரீநாத்திடம், அந்தக் கட்டையில் அவனால் சேர்ந்து பாட முடியுமா என்று கேட்டாள். அவன் தன் வரியைத் தாழ்ந்த குரலில் முயன்று பார்த்தான். பாதிக்கு மேல் அவன் குரல் அவ்வளவு கீழே இறங்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மாளவிகாவக் கூப்டுங்க பாய். நல்லா பாடுற பொண்ணு" என்றாள். கீழே இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். திரும்பும் வழியில் ஆட்டோ முழுக்க மல்லிகை வாசனை. அவள் அவனைத் திட்டவில்லை. திட்டுவாள் என்று வீடு வரைக்கும் காத்திருந்தான்.

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவன் எந்த இடம் என்று தெரியாமல் கையைக் கிட்டாரின் கழுத்தில் வைத்தான். பழக்கத்தில் அது இரண்டாவது பொட்டுக்குப் போயிற்று. பாஞ்சாலி அவன் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாக, தலைப்பக்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டுபோய் விட்டாள்.

"இங்கயே வாசி. நான் எங்க கீறேன்னு எனக்குத் தெரியணும்."

கிட்டார் கற்றுக்கொள்பவர்கள் முதலில் பிடிக்கும் பிடி ஒன்று தலையை ஒட்டி உண்டு. அதுவும் இரண்டு கட்டைதான். அவன் அதைப் பிடித்தான். குறுக்கே விரல் இல்லை. பாதித் தந்திகள் எதுவும் தொடாமல் அதிர்ந்தன.

அவள் பொட்டுகளைப் பார்த்தாள். இரண்டாவது பொட்டின் மேல் யாருடைய கையும் இல்லை.

"இம்மாங் கீயவா" என்றாள்.

அவன் ம் என்றான். ஒலி அடங்கியதும் இன்னொரு முறை மீட்டினான். அவள் இன்னும் தொடங்கவில்லை.