தள்ளுபடி செய்த வட்டி

கச்சான் காற்று ஓய்ந்து கடல் அடங்குவதற்குள் சொந்தமாக ஓர் எஞ்சின் வாங்கிவிட வேண்டும் என்று ஹுனைஸ் துடித்துக்கொண்டிருந்தான். தவணை பிந்தியதற்காக லீசிங் கொம்பனி பழைய எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து அவனுடைய மீன்பிடிப் போட்டு கண்டக்குழிக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவன் மஹ்ரூபின் போட்டில் பங்குக்குப் போய்வந்தான்.

கொம்பனி அந்த எஞ்சினை விற்றும் அடையாத மிச்சக் கடனை அவர்களோடு பேசி, மாதாமாதம் கட்டி முடித்திருந்தான். அந்தத் துணிவில்தான் புது எஞ்சினுக்குக் கடன் கேட்டுப் புத்தளத்து வங்கியின் வட்டியில்லாப் பிரிவுக்குப் போனான். அங்கே இருந்த அதிகாரி, அவனை அண்ணன் முறையில் 'நானா' என்று அழைக்கும் கனமூலை ஊர்க்காரர் முஹ்ஸின். கடன் தகவல் அறிக்கையை வாசித்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நானா, கடன் முடிஞ்சுதான் ஈக்கி. ஆனா முழுசாக் கட்டி முடிஞ்சதா இல்ல. வட்டிய தள்ளுபடி செஞ்சு முடிச்ச எண்டு பதிஞ்சீக்கி."

"அது நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லது. பாக்கிற பேங்குக்கு, இவர் முழுசாக் கட்டாத ஆள்."

ஹுனைஸ் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தான். முதலை மட்டும் கட்டுங்கள், வட்டியை விட்டுவிடுகிறோம் என்று கொம்பனி மனேஜர் சொன்னபோது 'அல்ஹம்துலில்லாஹ்' என்று அவன் ஒப்பம் வைத்தவன். ஜும்ஆ முடிந்து பள்ளி முற்றத்தில் நின்று, ஒரு சதம் வட்டி கொடுக்காமல் மீண்டுவிட்டதாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டவன்.

"இப்ப என்ன வழி?"

"அந்த வட்டியக் கட்டினா, முழுசா முடிஞ்ச எண்டு கொம்பனி அறிவிக்கும். பிறகு உங்கட விண்ணப்பத்த நான் மேல அனுப்பலாம்."

"வட்டியில்லாத இடத்துக்கு வாறதுக்கு வட்டி கட்டிட்டு வரணுமா தம்பி?"

முஹ்ஸின் சிரிக்கவில்லை. "நீங்க கேக்கிறது ஞாயம் நானா. ஆனா இப்பிடியே அனுப்பினா திரும்பித்தான் வரும்."

வீட்டில் மனைவி நிஸ்மியா வெங்காயத் தோட்டத்துக் கூலியைச் சேர்த்து, எஞ்சினுக்கு முற்பணமென்று அலுமாரியில் வைத்திருந்தாள். வங்கி கேட்ட முற்பணமும் கொம்பனி விட்டுக்கொடுத்த வட்டியும் ஏறக்குறைய ஒரே தொகை. அவன் சொல்லி முடிக்குமட்டும் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஸஃப்னாட வாப்பா, வட்டிக்குப் பயந்துதானே அன்டைக்கு அத ஏத்துக்கிட்டீங்க? இப்ப வெயில்ல குனிஞ்சு நான் உழைச்ச காசுல அதே வட்டியக் கட்டப் போறீங்களா?"

"பேர் கெட்டுக் கிடக்குது நிஸ்மியா."

"எங்க கெட்டீக்கி? ஊருல ஆரும் உங்களக் கூடாத மனிசன் எண்டு செல்லல்லையே."

"ஊர் செல்றத பேங்கு கேக்கிறல்ல."

அவள் எழுந்து அலுமாரியைத் திறந்தாள். பணத்தை அவன் கையில் கொடுக்காமல் கதிரையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனாள். அன்று பாணும் சம்பலும் அப்படியே கிடந்தன.

கொம்பனியில் நிஸ்மியாவின் காசு முழுவதையும் எண்ணி வாங்கிய பிள்ளை பற்றுச்சீட்டை நீட்டினாள். வட்டி என்றே அச்சாகியிருந்தது.

"தங்கச்சி, இதுக்கு வேற பேர் ஒண்டும் போட ஏலாதா?"

"கொம்பியூட்டர்ல அந்தப் பேர்தான் ஈக்கி, சேர்."

அடுத்த மாதம் கடல் அடங்கியது. கரைக்கு வந்த போட்டிலிருந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது மஹ்ரூப் எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான்.

"என்ன ஹுனைஸ், வட்டி குடுக்காம மீண்ட ஹாஜியார், கொம்பனிக்கே போய்க் கட்டிட்டு வந்தீங்களாமே?"

மற்றவர்கள் சிரித்தார்கள். ஹுனைஸின் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு எடுத்தான். முஹ்ஸின்.

"நானா, அறிக்கை மாறிட்டு. இப்ப முழுசாக் கட்டினதாத்தான் ஈக்கி. முற்பணத்த எடுத்துக்கிட்டு நாளைக்கே வாங்க."

ஹுனைஸ் கவிழ்ந்து கிடந்த தன் போட்டைப் பார்த்தான். அதன் நிழலில் ஆட்டுக்குட்டிகள் படுத்திருந்தன.

"ஓம் தம்பி," என்றான். "நாளைக்கு ஏலாது. நான் பிறகு கதைக்கிறன்."

"இழு மச்சான், வலை சிக்குது," என்று மஹ்ரூப் கத்தினான். ஹுனைஸ் குனிந்து இழுத்தான்.